வகுப்பில் அமராமல் கல்லூரிக் கிரெடிட்: அமெரிக்காவில் தேர்வெழுதிப் பெறும் முறை

திருப்பூரில் பிளஸ் டூ முடித்து, ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் நான்காண்டு வேலை பார்த்து, திருமணமாகி டெக்சஸுக்கு வந்தவள் நான். முப்பத்தாறாவது வயதில் டாலஸ் பக்கத்துச் சமூகக் கல்லூரி ஒன்றில் வணிகப் படிப்பில் சேர்ந்தேன். ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்குப் பணமும் கட்டிப் பதினாறு வாரம் வகுப்பிலும் உட்கார வேண்டுமா என்று விசாரித்தபோதுதான், தேர்வு எழுதியே கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்ததற்குக் கல்லூரி பதியும் அலகு) வாங்க முடியும் என்று தெரியவந்தது. மொத்தம் நான்கு தேர்வுகள் எழுதி நான்கிலும் தேர்ச்சி பெற்றேன். ஆனால் என் பட்டத்துக்குப் பயன்பட்டவை மூன்றுதான். வீணான அந்த ஒன்றை முதலிலேயே தவிர்த்திருக்க முடியும் என்பதால், நான் செய்த வரிசையை விட்டுவிட்டு, செய்திருக்க வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

தேர்வில் தேர்ச்சி என்பது ஒன்று, கிரெடிட் என்பது வேறொன்று என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தேர்வை நடத்தும் அமைப்பு மதிப்பெண்ணை மட்டுமே தரும். அதற்குக் கிரெடிட் தருவதா, எத்தனை தருவது, எந்தப் பாடத்துக்கு ஈடாகத் தருவது என்பதையெல்லாம் முடிவு செய்வது உங்கள் கல்லூரி.

1. முதலில் உங்கள் பட்டத் திட்டத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்

எந்தத் தேர்வு எளிது என்று இணையத்தில் தேடுவதற்கு முன்னால், உங்கள் பட்டத்துக்கு இன்னும் என்னென்ன பாடங்கள் பாக்கி என்பது கையில் இருக்க வேண்டும். மாணவர் கணக்கில் நுழைந்தால் பட்டத் தணிக்கை அறிக்கை கிடைக்கும். அதில் நிறைவேறாத கட்டங்களைப் பேனாவால் வட்டமிடுங்கள். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் பாட எண்கள் பொதுவானவை; இரண்டாவது இலக்கம் கிரெடிட் எண்ணிக்கையைக் குறிக்கும். மேத் 1314 என்றால் மூன்று கிரெடிட்.

நான் சறுக்கியது இந்தப் படியில்தான். கணினி தொடர்பான பாடமாக எனக்குத் தேவைப்பட்டது பிசிஐஎஸ் 1305. கிளெப் என்ற, பல கல்லூரிகள் ஏற்கும் தேர்வு வரிசையில் ‘இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்’ என்ற பொதுத் தேர்வின் பெயரைப் பார்த்ததும் இரண்டும் ஒன்றுதான் என்று நானாகவே முடிவு செய்து, இரவெல்லாம் கண்விழித்துப் படித்து எழுதினேன். கல்லூரியும் மூன்று கிரெடிட் பதிவு செய்தது. ஆனால் அது ‘விருப்பப் பாடம்’ என்ற பெயரில் பதிவானது. என் பட்டத் திட்டத்திலோ விருப்பப் பாடத்துக்கு ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அந்த மூன்று கிரெடிட் இன்றும் என் டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி மதிப்பெண் பதிவேட்டில்) எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

2. கல்லூரியின் ஈடு அட்டவணையைப் பாருங்கள். பிறகு மின்னஞ்சலில் கேளுங்கள்

பெரும்பாலான கல்லூரிகள், எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் எடுத்தால் எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் என்ற அட்டவணையை வெளியிடுகின்றன. இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கலிபோர்னியாவில் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகள் உள்ளன: கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி கிளெப் தேர்வுக்குக் கிரெடிட் தருகிறது, யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா தருவதில்லை. புளோரிடாவில் அரசுக் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுமைக்கும் ஒரே அட்டவணை இருப்பதால் அங்கே தலைவலி குறைவு.

அட்டவணையைப் பார்த்த பிறகும் ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் கேட்ட பதிலை ஆறு மாதம் கழித்து யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கேட்க வேண்டியவை இவை: இந்தத் தேர்வு என் பட்டத் திட்டத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பும்? குறைந்தபட்ச மதிப்பெண் எத்தனை? தேர்வு மூலம் அதிகபட்சம் எத்தனை கிரெடிட் பெறலாம்? கிரெடிட் பதிவாவதற்கு முன் இங்கே சில பாடங்களை முடித்திருக்க வேண்டுமா? பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டா?

மூன்றாவது கேள்விக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. டெக்சஸ் உள்ளிட்ட தென்மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் விதிப்படி, பட்டத்தின் கிரெடிட்டுகளில் 25 விழுக்காடாவது பட்டம் தரும் கல்லூரியிலேயே படித்துப் பெற்றவையாக இருக்க வேண்டும். அறுபது கிரெடிட் கொண்ட ஈராண்டுப் பட்டத்தில் அது பதினைந்து. நூற்றிருபது கொண்ட நான்காண்டுப் பட்டத்தில் முப்பது. தேர்வெழுதிப் பெற்ற கிரெடிட் இந்தக் கணக்கில் சேராது.

பின்னர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், அங்கும் இதே கேள்விகளைக் கேட்டாக வேண்டும். முதல் கல்லூரி கொடுத்த கிரெடிட்டை இரண்டாவது கல்லூரி அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூல மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கித் தன் அட்டவணைப்படி மறுபடி மதிப்பிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்குப் போகிறவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். அடிப்படை அறிவியல் பாடங்களைத் தேர்வு மூலம் முடித்தவர்களை ஏற்காத இடங்கள் பல.

டெக்சஸுக்கே உரிய ஒரு குழியையும் சொல்லிவிடுகிறேன். இங்கே அரசுக் கல்லூரிப் பட்டத்துக்கு ஆறு கிரெடிட் அரசியல் பாடம் சட்டப்படி கட்டாயம். அதில் மாநில அரசியலமைப்பும் அடங்கும். ‘அமெரிக்கன் கவர்ன்மென்ட்’ என்ற பொதுத் தேர்வில் டெக்சஸ் பற்றி எதுவும் வராது. அந்தப் பகுதிக்குத் தனியாக வகுப்பிலோ, கல்லூரியே வைக்கும் தேர்விலோதான் தேற வேண்டியிருக்கும்.

3. உங்களுக்கு ஏற்ற தேர்வைத் தெரிவு செய்யுங்கள்

வயது வந்தவர்களுக்கு மிகவும் பயன்படுவது கிளெப். காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் இதில் 34 தேர்வுகள் உள்ளன. பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரம், கணினியில், விடையைத் தெரிவு செய்யும் கேள்விகள். மதிப்பெண் 20 முதல் 80 வரை. கிரெடிட் தர அமெரிக்கக் கல்விக் கவுன்சில் பரிந்துரைப்பது 50. மொழித் தேர்வுகளின் மேல்நிலைக்கு மட்டும் கூடுதல். ஆனால் 50 போதாது என்று சொல்லும் துறைகளும் உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எனவே எந்தக் கேள்வியையும் விடையின்றி விடாதீர்கள்.

டிஎஸ்எஸ்டி என்பது இன்னொரு வரிசை. 200 முதல் 500 வரையிலான அளவில் 400 எடுத்தால் பொதுவாகத் தேர்ச்சி. கிளெப்பில் இல்லாத சில தலைப்புகள் இதில் உண்டு. சில தேர்வுகளுக்கு மேல்நிலைக் கிரெடிட்டே (பட்டப் படிப்பின் பிந்தைய ஆண்டுகளுக்கு உரியது) கிடைக்கும். ஆனால் ஏற்கும் கல்லூரிகள் குறைவு. ஏபி தேர்வு உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கானது: ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் நடக்கும், 5-க்கு 3 முதல் கிரெடிட் தரும் கல்லூரிகள் பல.

நமக்கென்று ஒரு வழியும் இருக்கிறது. கிளெப் மொழித் தேர்வுகள் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய மூன்றுக்கு மட்டுமே. ஆனால் மொழித் திறனை மதிப்பிடும் ஆக்ட்ஃபில் அமைப்பின் வாய்மொழித் திறன் தேர்வைத் தமிழில் எழுதலாம். எழுதலாம் என்பதைவிடப் பேசலாம் என்பதே சரி, ஏனெனில் அது தொலைபேசியில் தேர்வாளரோடு பதினைந்து முதல் முப்பது நிமிடம் நடக்கும் உரையாடல். அயல்மொழிக் கிரெடிட் தேவைப்படும் பட்டத்தில் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். பள்ளிப் படிப்பைத் தாய்மொழியிலேயே முடித்தவர்களுக்கு அந்த மொழியில் கிரெடிட் தர மறுக்கும் கல்லூரிகளும் உள்ளன என்பதால், உங்கள் பின்னணியைச் சொல்லியே கேளுங்கள்.

4. பெயரைச் சரிபாருங்கள்

இது ஒரு படியா என்று தோன்றலாம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நம்மில் பலருக்கும் அப்படித்தான். அமெரிக்க விசாவில் அதைச் சரிக்கட்ட, இருக்கும் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அடித்துவிடுகிறார்கள். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பது அதன் பொருள். அதே எழுத்துகள் என் ஓட்டுநர் உரிமத்திலும் ஏறிவிட்டன. கல்லூரிப் பதிவிலோ என் பெயரும் அப்பா பெயரும் இருந்தன. தேர்வுக்குப் பதிவு செய்தபோது கல்லூரியில் உள்ளபடியே எழுதினேன்.

முதல் தேர்வு நாளன்று, தேர்வு மையத்தின் வரவேற்பில் இருந்த பெண் என் உரிமத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உரிமத்தை மேசையின் குறுக்கே மெதுவாக என் பக்கம் தள்ளி, இரண்டும் ஒரே ஆள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பாஸ்போர்ட், விசா, கல்லூரி அட்டை என்று பையில் இருந்ததையெல்லாம் பரப்பியும் பயனில்லை. விதிப்படி அவர் செய்தது சரிதான். பதிவு செய்த பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மையத்துக்குக் கட்டிய 25 டாலர் போயிற்று.

எனவே, பதிவுக்கு முன்பே எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அதில் உள்ள எழுத்து மாறாமல் காலேஜ் போர்டு கணக்கைத் தொடங்குங்கள். அட்டை அரசு வழங்கியதாகவும், காலாவதியாகாததாகவும், புகைப்படமும் கையொப்பமும் உள்ளதாகவும் இருக்க வேண்டும். கல்லூரிப் பதிவில் பெயர் வேறாக இருந்தால், மதிப்பெண் வந்து சேரும்போது உங்கள் கோப்போடு பொருந்தாமல் தொங்கும். ஆகவே அங்கும் பெயர்த் திருத்தப் படிவம் கொடுத்துவிடுவது நல்லது.

5. பணம்: எங்கே எவ்வளவு, எதை மிச்சப்படுத்தலாம்

கிளெப் தேர்வுக் கட்டணம் 2024-25 கல்வியாண்டில் 95 டாலர்; ஜூலை மாதங்களில் சில டாலர் ஏறிவருகிறது. இதைக் காலேஜ் போர்டுக்குக் கட்ட வேண்டும். தேர்வு மையக் கட்டணம் தனி. அதை ஒவ்வொரு மையமும் தானே நிர்ணயிக்கிறது. எனக்கு அருகில் இருந்த மூன்று மையங்களில் மூன்று விலை. சில மையங்கள் தங்கள் மாணவர்களுக்கு மட்டும் குறைப்பதால், முதலில் உங்கள் கல்லூரி மையத்தையே கேளுங்கள்.

தேர்வுக் கட்டணத்தை முழுவதுமாகத் தவிர்க்கவும் வழியுண்டு. ‘மாடர்ன் ஸ்டேட்ஸ்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு கிளெப் பாடங்களை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பாடத்தையும் பயிற்சிக் கேள்விகளையும் முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு ஈடான வவுச்சர் எண்ணை அனுப்புகிறது. நான் எழுதிய காலத்தில், மையக் கட்டணத்தின் ரசீதை அனுப்பி அதையும் திரும்பப் பெற முடிந்தது. எழுதிய மூன்று கிளெப் தேர்வுகளில் இரண்டுக்கு இப்படித்தான் போனேன். முதல் தேர்வுக்கு இந்த வசதி இருப்பதே தெரியாமல் கையிலிருந்து கட்டினேன். வவுச்சர் வரும் முன்பு பதிவு செய்து பணம் கட்டிவிட்டால் பிறகு ஈடுகட்ட முடியாது; வரிசை முக்கியம்.

மூன்று கிரெடிட் பாடத்துக்குச் சமூகக் கல்லூரியில் சில நூறு டாலரும், நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேலும் ஆகிறது. கல்லூரி உதவித்தொகை பொதுவாக இந்தத் தேர்வுக் கட்டணங்களுக்கு உதவாது. முப்படைகளில் பணியாற்றுவோருக்கு அரசே கட்டணம் செலுத்தும் திட்டம் உண்டு.

6. விசாவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலைப் படிப்பில் இருப்பவர்கள் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது பன்னிரண்டு கிரெடிட் வகுப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். தேர்வெழுதிப் பெறும் கிரெடிட் அந்தப் பன்னிரண்டில் சேராது. தேர்வு எழுதியாயிற்றே என்று ஒரு பாடத்தைக் கைவிட்டால் விசா நிலையே ஆபத்துக்குள்ளாகும். கைவிடும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். உதவித்தொகை பெறுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

7. படிப்பும் தேர்வு நாளும்

பிளஸ் டூ கணிதம் படித்தவருக்குக் ‘காலேஜ் அல்ஜீப்ரா’ பெரிய மலையில்லை. நான் ஐந்து வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம் படித்தேன். தடுமாறியது கணக்கில் இல்லை, கால்குலேட்டரில். சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. திரையில் தோன்றும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்த வேண்டும். அதன் பயிற்சிப் பதிப்பை முன்பே பழகாவிட்டால் பின்ன விசையைத் தேடுவதிலேயே நேரம் கரைந்துவிடும். ‘மேக்ரோ எகனாமிக்ஸ்’ தேர்வுக்கு எட்டு வாரம் ஆயிற்று. வரைபடங்களைப் பார்த்தால் போதாது, வெற்றுத்தாளில் நாமே வரைந்து பழக வேண்டும்.

தேர்வு நாளன்று பதிவுச் சீட்டு, அடையாள அட்டை, மையக் கட்டணத்துக்கான அட்டை, கல்லூரியின் நான்கு இலக்கக் குறியீட்டு எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பதிவுச் சீட்டு ஆறு மாதம் செல்லும். ஒரு கல்லூரிக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். ஆனால் எத்தனை மதிப்பெண் என்று தெரியும் முன்பே கல்லூரியைக் குறிப்பிட வேண்டும். பிறகு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். முதற்சுற்றில் பயந்து இதை வெற்றிடமாக விட்டு, 20 டாலர் கூடுதலாகக் கட்டினேன். பயப்படத் தேவையில்லை. தேர்ச்சி பெறாத கிளெப் மதிப்பெண் உங்கள் மதிப்பெண் சராசரியைத் தொடாது.

முடித்ததும் மதிப்பெண் திரையில் வந்துவிடும். கட்டுரை எழுதும் ‘காலேஜ் காம்போசிஷன்’ போன்ற தேர்வுகள் விதிவிலக்கு. அவற்றுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். தேறாவிட்டால் அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் எழுதினால் மதிப்பெண் ரத்தாகும், கட்டணமும் திரும்பாது. அதனால் கடைசி செமஸ்டரில் முதல் முயற்சியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

8. துறைத் தேர்வு: பொதுத் தேர்வு இல்லாத பாடத்துக்கு

பொதுத் தேர்வில் ஈடு இல்லாத பாடத்துக்கு, அந்தத் துறையே ஒரு தேர்வு வைக்கலாம். இதற்கு விளம்பரம் இருக்காது. கல்லூரிக் கையேட்டின் நடுவில் இரண்டு வரியில் இருக்கும், அல்லது கேட்டால்தான் சொல்வார்கள். எல்லாப் பாடத்துக்கும் வைக்க மாட்டார்கள். ஆய்வகப் பாடங்களுக்கும் எழுத்துப் பாடங்களுக்கும் பல துறைகள் மறுத்துவிடுகின்றன.

பிசிஐஎஸ் 1305 பாடத்துக்கு நான் போனது இந்த வழியில்தான். மூன்று இடங்களில் நடக்க வேண்டியிருந்தது. பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் வாங்கி, துறைத் தலைவரிடம் கையொப்பம் வாங்கி, காசாளரிடம் 60 டாலர் கட்டி, ரசீதோடு படிவத்தைத் தேர்வு அறையில் ஒப்படைக்க வேண்டும். துறைத் தலைவர் கையொப்பமிடும் முன், இந்தப் பாடம் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். திருப்பூர் நிறுவனம் கொடுத்த பணிச் சான்றிதழை நீட்டினேன். அத்தனை ஆண்டு அலமாரியில் மஞ்சளாகிக் கிடந்த தாள் அன்றுதான் உதவியது. உங்களிடம் பழைய சான்றிதழோ, பயிற்சி நிறுவனச் சான்றோ இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையொப்பம் வாங்கிய கையோடு, அந்தப் பாடத்தின் பாடத்திட்ட நகலையும் கேளுங்கள். கேட்டவர்களுக்குத் தருகிறார்கள். எக்செல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கப்பலில் ஏறிய ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்கு வைத்தவள். ஆனால் பாடத்திட்டத்தில் ஆக்சஸ் தரவுத்தளமும் கால்பங்கு இருந்தது. அதை என் வாழ்நாளில் திறந்ததே இல்லை. தெரியாமல் போய் உட்கார்ந்திருந்தால் அந்தக் கால்பங்கில் அப்படியே விழுந்திருப்பேன். மூன்று வாரம் தள்ளிப்போட்டுப் படித்துவிட்டுப் போனேன்.

துறைத் தேர்வின் விதிகள் பொதுத் தேர்வைவிடக் கடுமையானவை. பல கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். தவறினால் வகுப்பில்தான் படிக்க வேண்டும். அந்தப் பாடத்தில் ஏற்கெனவே சேர்ந்து கைவிட்டவர்களுக்கும், அதற்கு மேல்நிலைப் பாடத்தை முடித்தவர்களுக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. சில இடங்களில் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும். சில இடங்களில் எழுத்துத் தரமே (ஏ, பி, சி என்று) பதிவாகிச் சராசரியில் சேரும். பின்னதாக இருந்தால், வெறுமனே தேறுவதற்காக எழுதுவது உங்களுக்கே பாதகமாக முடியலாம்.

9. பதிவாகும்வரை விடாதீர்கள்

மதிப்பெண் கல்லூரியை அடையச் சில வாரம், அங்கே மதிப்பிட்டுப் பதியச் சில வாரம். அடுத்த செமஸ்டருக்கான பதிவு தொடங்குவதற்குக் குறைந்தது எட்டு வாரம் முன்பே தேர்வை முடித்துவிடுங்கள். முன்தேவைப் பாடம் பதிவாகாவிட்டால் கணினி அடுத்த பாடத்தில் சேர விடாது. கையிலுள்ள மதிப்பெண் தாளின் நகலைக் காட்டி ஆலோசகர் மூலம் விலக்குப் பெறலாம், ஆனால் அதற்கும் ஒரு வாரம் போகும்.

பதிவானதும் டிரான்ஸ்கிரிப்டைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள். பாட எண், கிரெடிட், தேர்வு மூலம் பெற்றது என்ற குறி ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். என் மேக்ரோ எகனாமிக்ஸ் கிரெடிட், ஈகான் 2301-க்குப் பதிலாக 2302 என்ற மைக்ரோ பாடத்தின் எண்ணில் ஏறியிருந்தது. இரண்டாம் படியில் சேமித்து வைத்த மின்னஞ்சலையும் மதிப்பெண் தாளையும் இணைத்து அனுப்பினேன். பதினோராம் நாள் திருத்தினார்கள். பட்டத் தணிக்கை அறிக்கையை மறுபடி ஓடவிட்டு, முதல் படியில் வட்டமிட்ட கட்டம் நிறைவேறியதாக மாறிய பிறகே அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.